சுருவிலில் கேட்ட சொற்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறி அமர்ந்தோம். என்னுடன் எங்கள் நிறுவனத்துக்குப் பயிற்சிக்காக வந்திருந்த தம்பி ஒருவரும் வந்தார். கொழும்பிலே பிறந்து வளர்ந்த பல்கலைக்கழக மாணவர். தீவகத்துக்கு அவர் வருவது அன்றுதான் முதல் தடவை. சோளகக் காற்று எழுந்த காலம். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். ஆழமில்லாத நீரிலே மீன்பிடிக்காக நட்டிருந்த தடிகளைத் தம்பி வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் ஆசனத்தில் இருந்த அக்கா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாதை இண்டைக்கும் பழுதாம். காரைநகருக்குப் போக ஏலாது" என்றார். தம்பி மெல்ல என் பக்கம் சாய்ந்து, "அக்கா, ரோட்டு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் இங்கே 'பாதை' என்பார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் பாதை என்றால் தெரு. அந்தக் கரையிலே நின்று சொன்னால் அது மிதந்து வரும். ஒரே தமிழ்தான், ஆனால் அந்த ஊராரோடு இருந்து பழகாவிட்டால் விளங்காது.

அன்று நாங்கள் போனது சுருவிலுக்கு. குடும்பத்தைத் தனியே நடத்தும் பெண்களின் விவரங்களைப் படிவத்தில் எழுதி வருவதுதான் வேலை. எழுதி வந்த விவரங்களைவிட அங்கே கேட்டு வந்த சொற்களே என் மனதில் நிற்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று கடந்து போனால் வரும் தீவின் உட்கிராமங்களில் ஒன்று சுருவில். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இந்தத் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை வைத்து 'லைடன்' என்றார்கள். நெடுந்தீவை 'டெல்வ்ற்' என்றார்கள். காரைதீவை 'அம்ஸ்ரர்டாம்' என்றார்கள். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கயிற்ஸ்' என்ற பெயரோ இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. யானைகளைக் கப்பலில் ஏற்றிய துறை அது. அந்தப் பெயர்கள் வரைபடத்திலும் அரச கடிதங்களிலும் இருந்தன. ஊர்ச்சனமோ வேலணை, சரவணை, நாரந்தனை, சுருவில் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கொக்குவில், இணுவில், உடுவில், சுருவில் என்ற பெயர்களில் வரும் 'வில்' என்பது நீர்நிலையைக் குறிக்கும் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர் சொல்வர். பிறர் வைத்த பெயர் எத்தனை பெரிய முத்திரையோடு வந்தாலும், ஊரவர் வாயில் ஏறினால்தான் நிலைக்கும்.

பிரதான வீதியில் இறங்கி உள்ளே நடந்தோம். பனைகள், கற்கள் துருத்திய நிலம், பூவரசு வேலி. நாலைந்து வீட்டுக்கு ஒன்று கூரை இல்லாமல் நிற்கிறது. சுவருக்குள்ளே ஆலும் அரசும் முளைத்து, கதவு இருந்த இடத்தில் வேர் இறங்கியிருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட்டிலும் அதற்குப் பின்னரும் தீவகச் சனம் இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போன வீடுகள் பல அப்படியே போய்விட்டன. வலிகாமத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி மறுபடியும் வெளிக்கிட வேண்டியதாயிற்று. பிறகு வன்னி, இந்தியா, பிரான்ஸ், சுவிஸ், கனடா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

ஒரு வேப்பமரத்தின் கீழே பாய் விரித்து எட்டுப் பெண்கள் இருந்தார்கள். சிலர் பனையோலை வார்ந்துகொண்டிருந்தார்கள். "வாங்கோ பிள்ளையள், இருங்கோ" என்று இடம் தந்தார் ஒரு ஆச்சி. தேத்தண்ணி வந்தது. கதை தொடங்கியது. தன் இளைய மகளைப் பற்றிக் கேட்டவரிடம் ஆச்சி சொன்னார்: "அவள் இரண்டு மாதமாய் முழுகாமல் இருக்கிறாள்."

பயிற்சித் தம்பி உடனே கொப்பியைத் திறந்து எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கடுமையான தண்ணீர்ப் பிரச்சினை. இரண்டு மாதமாகக் குளிக்க வசதி இல்லை' என்று எழுதியிருந்தார்! தீவகத்தில் நல்ல தண்ணீருக்குக் கஷ்டம் என்று நான் வரும் வழியில் சொல்லியிருந்தது அவர் நினைவில் இருந்திருக்கிறது. நான் அதை வாசித்ததும் பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அவள் பிள்ளைத்தாச்சி!" என்றார். மாதவிலக்கு முடிந்து தலை முழுகும் வழக்கம் நின்றுவிட்டது என்பதே அந்தப் பேச்சின் பொருள். எவ்வளவு நாகரிகமாக, ஆண்கள் இருக்கும் சபையிலும் சொல்லக்கூடியதாக, பெண்கள் தங்களுக்குள் ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இப்படிப்பட்ட சொற்களை எங்கள் இலக்கணம் எப்போதோ கவனித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு 'குழூஉக்குறி' நினைவிருக்கும். ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணத்தால் ஒரு பொருளின் வழக்கமான பெயரை விட்டுத் தங்களுக்குள் வேறு பெயரால் குறிப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். கள் உள்ளே போனால் மனதில் உள்ள சொல் வெளியே வந்துவிடும் என்ற பகிடி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்வது மங்கலம். விளக்கை 'அணை' என்னாமல் 'நூர்' என்று எங்கள் ஆச்சிமார் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

ஆச்சியின் பேத்தி பதின்மூன்று வயதுப் பிள்ளை. சைக்கிளில் வந்து இறங்கி, படலையில் நின்ற தோழியைப் பார்த்து, "கவா, கபோகவம்" என்றாள். 'வா, போவம்' என்பதில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்த மறைபாஷை. நானும் அந்த வயதில் வகுப்பில் ரீச்சருக்கு விளங்காமல் இப்படிக் கதைத்தவள்தான். "கஎகங்கே?" என்று நான் கேட்டதும் பிள்ளை திடுக்கிட்டுப் போனாள். பிறகு வந்து என் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

அவள் இருந்த வேளையிலேதான் பேச்சு யுத்த காலத்துக்குத் திரும்பியது. வானத்தில் எங்கோ ஒரு விமானத்தின் சத்தம் கேட்டது. ஆச்சி ஓலை வார்வதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அது பயணிகள் பிளேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பேத்தி, "எப்பிடி அம்மம்மா பார்க்காமலே தெரியும்?" என்றாள். ஆச்சி சொன்னவற்றை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்.

"முதலிலை சின்னனாய் ஒண்டு வந்து சுத்தும் பிள்ளை. அதுக்குப் பேர் கோள்மூட்டி. அது வந்து பார்த்திட்டுப் போய்க் கோள் சொன்னால் பிறகு பொம்பர் வரும். கோள்மூட்டியைக் கண்டவுடனை அடுப்பை நூர்த்துப்போட்டு, பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்கை இறங்கிறதுதான். பெரிசாய் மெல்ல மெல்ல இரைஞ்சு வாறது சகடை. பிறகு வன்னியிலை இருக்கேக்கை வண்டு வந்தது. ஆளில்லாமல் பறக்கிறது. நாள் முழுக்க தலைக்கு மேலை ங்ஙொய்ய்ய் எண்டு கொண்டு நிக்கும்."

மற்றப் பெண்களும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இத்தாலியில் செய்த 'சியாய் மார்க்கெட்டி' விமானம் எங்கள் சனத்தின் வாயில் 'சியாமாச்செட்டி' ஆயிற்று. முன்பக்கம் நீண்ட ஹெலிகொப்ரர் 'முதலை' ஆயிற்று. மோட்டார் எறிகணை புறப்படும் சத்தத்துக்குக் 'குத்துற சத்தம்' என்று பெயர். குத்துற சத்தம் கேட்டால் அது வந்து விழுமுன்னர் படுத்துவிடவேண்டும். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இருந்து ஆட்களைக் காட்டிக் கொடுத்தவன் 'தலையாட்டி'. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கொஞ்ச மண்ணெண்ணெயை நாள் கணக்கில் எரிப்பதற்குச் செய்துகொண்டது 'ஜாம் போத்தல் விளக்கு'. காவலரணில் நிற்கும்போது பெயர் சொல்லிக் கதைக்க முடியாது. 'அவை', 'உவங்கள்', 'அங்காலை', 'உங்கை' என்று சுட்டுச் சொற்களிலேயே முழுக்கதையும் முடிந்துவிடும். அது, இது என்பவற்றோடு 'உது' என்பதையும் விடாமல் வைத்திருக்கும் யாழ்ப்பாணத் தமிழ் அதற்கும் உதவியது.

பேத்தி எல்லாவற்றையும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "வண்டு எண்டால் வண்டு எண்டுதான் நான் நினைச்சன்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆச்சி அவளுடைய தலையைத் தடவி, "அதுவே காணும் ராசாத்தி. உனக்கு வண்டு வண்டாகவே இருக்கட்டும்" என்றார்.

நான் சமூகவியல் படித்தவள். ஒரு குழுவின் பேச்சுமொழி அந்தக் குழுவை இறுக்கிக் கட்டும் கயிறு என்று வகுப்பில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று அந்த வேப்பமரத்தின் கீழேதான் அது எனக்கு உண்மையில் விளங்கியது. எந்தப் பாடசாலையும் இந்தச் சொற்களைக் கற்பிக்கவில்லை. அடுப்படியில் நின்ற பெண்கள் காதால் கேட்டு, பெயர் வைத்து, அயலுக்குக் கூவிச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லால் எத்தனை பிள்ளைகள் நேரத்துக்குப் பங்கருக்குள் இறங்கியிருப்பார்கள்! பயத்துக்குக்கூட ஒரு பகிடிப் பெயர் வைத்தால் அதைக் கொஞ்சம் கையாளலாம். குண்டு போட வரும் விமானத்தைச் 'செட்டி' என்று கூப்பிட்ட சனம் அல்லவா நாங்கள்.

ஆனால் எல்லாச் சொல்லும் நாங்கள் செய்துகொண்டவை அல்ல. எங்கள் மீது எறியப்பட்டவையும் இருக்கின்றன.

தீவகத்தில் இருந்து நகரப் பாடசாலைக்குப் போன ஒரு அக்கா, அங்கே 'தீவாள்' என்று பகிடி பண்ணினதை இன்றும் மறக்கவில்லை. நாடு முழுவதும் கடை வைத்து உழைத்த தீவகத்தாரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எத்தனை நையாண்டிக் கதைகள்! கணவனை இழந்தவளை 'அறுதலி' என்பது எங்கள் ஊர்களில் வசைச்சொல். தெருவில் சண்டை வந்தால் முதலில் வந்து விழும் சொல்லும் அதுதான். அங்கே இருந்த இன்னொருவரின் கணவர் ஏஜென்சி மூலம் 'தலைமாத்தி', அதாவது வேறொருவரின் பாஸ்போட்டில், வெளிநாடு போனவர். "காட் கிடைச்சவுடனை எடுப்பன்" என்று சொல்லிப் போனார். சில காலம் 'உண்டியலில்' காசு வந்தது. காட் கிடைத்தது, இவரை எடுக்கவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது. "காட், உண்டியல், ஸ்பொன்சர் எண்டு எத்தினை புதுச்சொல் படிச்சன் பிள்ளை. கடைசியிலை எனக்கு மிஞ்சினது பழைய சொல்லுத்தான், வாழாவெட்டி" என்றார். பிழை விட்டவருக்கு ஒரு சொல்லும் இல்லை. விடப்பட்டவளுக்கு மட்டும் ஒரு சொல் இருக்கிறது. இதை நாங்கள் யோசிக்க வேண்டாமா?

இனி என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். எங்களைப் போன்ற உத்தியோகத்தருக்கும் ஒரு குழுமொழி இருக்கிறது. 'பயனாளி', 'இலக்குக் குழு', 'வலுவூட்டல்', 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று அறிக்கையில் எழுதுவோம். அலுவலகத்துக்குள்ளே அவசரத்தில், "அந்தக் கிராமத்திலை எத்தினை விதவை?" என்று கேட்டுக்கொள்வோம். அன்று படிவத்தில் நான் கடைசியாக நிரப்பியது, பாயின் ஓரத்தில் பேசாமல் இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்த ஒரு அக்காவின் விவரம். நெற்றியில் பொட்டு இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. 'விதவை' என்ற பெட்டியில் அடையாளம் இட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, "அவர் எப்ப இறந்தவர் அக்கா?" என்று கேட்டேன்.

அவருடைய கை நின்றது.

"அவர் வரேல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "இல்லை அக்கா, செத்த ஆண்டு..." என்று தொடங்கினேன். ஆச்சி என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நாங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை. இஞ்சை நாலு வீட்டிலை ஆக்கள் வரேல்லை" என்றார்.

மீன் வாங்கப் போனவரைப் பற்றிச் சொல்வது போல, சாதாரணமான ஒரு சொல். வரேல்லை. எத்தனையோ வருடங்களாக அவர் வரவில்லை. ஆனால் 'வரவில்லை' என்பதில் வருவதற்கு இடம் இருக்கிறது. நான் அடையாளம் இட்ட பெட்டியில் அந்த இடம் இல்லை. மறைபாஷையோ பகிடியோ அல்ல. ஆனாலும் அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு பொருளை வைத்துக் காப்பாற்றும் குழூஉக்குறிதான் அது. விளங்காமல் நான் அதை மிதித்துவிட்டேன். "குளிக்க வசதி இல்லை" என்று எழுதிய தம்பியைப் பார்த்துச் சிரித்தேனே, அவர் விட்டது சிறு பிழை. நான் விட்டது பெரியது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன். அவர், "நீங்கள் என்ன செய்வியள், தாளிலை இருக்கிறதைத்தானே கேக்கிறியள்" என்றார். அது இன்னும் வலித்தது.

இந்தச் சொல் விடயம் சிறியது அல்ல என்பதை எங்கள் பெண்கள் நாட்டுக்கே காட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் 'காணாமல் போனோர்' என்றுதான் பத்திரிகையும் எழுதியது, நாங்களும் சொன்னோம். பிள்ளைகளையும் கணவரையும் தேடிய தாய்மாரும் மனைவிமாரும், "அவர்கள் தாங்களாகப் போகவில்லை, காணாமல் ஆக்கப்பட்டார்கள்" என்று சொன்னார்கள். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியபோதும், ஆண்டுதோறும் ஓகஸ்ட் 30ஆம் திகதி சர்வதேச தினத்தில் கூடியபோதும், அதே சொல்லைத்தான் பதாகைகளில் எழுதினார்கள். 'போன' என்பதை 'ஆக்கப்பட்ட' என்று மாற்றினால், ஆக்கியது யார் என்ற கேள்வி தானாக எழுந்து நிற்கும். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்றே இருக்கிறது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் பாதுகாக்கும் சர்வதேச சமவாயத்துக்கு இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது 2018இல். சொல் மாறியதால் ஆட்கள் வந்துவிடவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தச் சொல் மறக்க விடாது.

இந்த இடத்தில் வாசகியருக்குப் பயன்படும் ஒரு விடயம். வராதவரின் பெயரில் உள்ள காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு முதலிய அலுவல்களுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கும்படி சொல்லப்பட்டு, மனம் ஒப்பாமல் எத்தனையோ பெண்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணப்படாமைச் சான்றிதழ்' பெற இடமுண்டு. "அவர் இறந்துவிட்டார்" என்று கையெழுத்து வைக்காமலே சில அலுவல்களை நடத்த அது உதவும். எடுப்பதா, விடுவதா என்பது உங்களுடைய முடிவு. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அறிந்திருங்கள். பிரதேச செயலகத்தில் விவரம் கேளுங்கள். கேட்கும்போது வெட்கப்பட வேண்டியதில்லை. உத்தியோகத்தர் உங்களுக்கு விளங்காத சொல்லில் பேசினால், "எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பொழுது சாய்ந்தபோது எழுந்தோம். ஆச்சி தான் இழைத்த ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். பேத்தி வீதிவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். "அன்ரி, அம்மம்மா சொன்ன பேர்களை எல்லாம் எழுதி வைக்கட்டோ?" என்று கேட்டாள். "எழுதி வை. அவ சொல்லுற மாதிரியே எழுது, திருத்தாதை" என்றேன்.

சகோதரிகளே, உங்களிடமும் அதையே கேட்கிறேன். உங்கள் ஊரில், நீங்கள் இருந்த முகாமில், கடற்கரையில், வயலில் வழங்கிய சொற்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் அது எதைக் குறித்தது என்றும் எழுதுங்கள். அந்தச் சொற்கள் இனித் தேவைப்படாமல் போவது எங்கள் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். அவை தெரியாமலே போவது அவர்களுக்கு நட்டம். 'அறுதலி', 'வாழாவெட்டி' போன்றவற்றையும் எழுதுங்கள். எழுதியபின் வாயால் சொல்லாமல் விடுங்கள். பிள்ளைகள் சொல்லக் கேட்டால் தடுத்து, ஏன் என்று சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது பண்ணைக் கடலில் இருட்டிவிட்டது. பஸ்ஸின் மங்கல் வெளிச்சத்தில் அந்த அக்காவின் படிவத்தை எடுத்தேன். நான் இட்ட அடையாளத்தை வெட்டினேன். அவருக்குப் பொருந்தும் பெட்டி அந்தத் தாளில் இல்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், அவர் சொன்னபடியே, 'அவர் வரேல்லை' என்று எழுதினேன். மறுநாள் அலுவலகத்தில், "இது என்ன, எந்த வகைக்குள் சேர்ப்பது?" என்று கேட்டார்கள். "புதுவகை ஒன்று போடுங்கோ" என்றேன். அடுத்த முறை அச்சிட்ட படிவத்தில் ஒரு பெட்டி கூடுதலாக இருந்தது.